கொள்ளுச் செடியும் எங்கள் புது ஸ்கூட்டரும்

எங்கள் சிங்கவரத்துக்கு வந்த முதல் ஸ்கூட்டரில் நைனா இன்று என்னைச் செஞ்சிப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவர் இப்போதுதான் ஓட்டக் கற்றிருக்கிறார்.

"ஒரு தடவ வுழுந்தாலும் நாளையிலேர்ந்து இவ பஸ்லதான் போவா" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

பாதி வழியில் சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். சக்கரம் ஏறினால் கொள்ளு தானாக உதிர்ந்துவிடும்.

"ஏத்துண்ணா! பஸ்ஸே ஏறிட்டுப் போவுது!" என்று அங்கிருந்த பெண்கள் கூவினார்கள்.

"வேணாம் நைனா. தழை மேல சின்ன சக்கரம் வழுக்கும்னு வண்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்குது" என்றேன். அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுவதும் படித்தவள் நான். நைனா படங்களை மட்டும் பார்த்தார்.

இறங்கித் தள்ளினோம்.

"இன்னாண்ணா, தள்றதுக்கா ஸ்கூட்டர் வாங்கின?" ஒரே சிரிப்பு.

பின்னால் சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டு மாமாவும் சிரித்துக்கொண்டே வேகமாக ஏற்றினார். மறுநொடி செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் சிரிப்பெல்லாம் அவர் பக்கம் போய்விட்டது.

நைனா வேட்டியில் அழுக்குப் படாமல் என்னைப் பள்ளி வாசலில் இறக்கினார்.

"நாங்க வுழவே இல்லம்மா!" என்று மாலையில் வீட்டில் அறிவித்தேன். நாளையும் ஸ்கூட்டர்தான்!

தள்ளிக்கொண்டு போன தூரத்தையும் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.