கண்ணாடிக் கதவு வரை ஒரு சுற்று

யாழ்ப்பாண நகரில் குழந்தைச் சாமான் விற்கும் கடையொன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். அந்தக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கடை இருப்பை எண்ணி ஸ்ரொக் எடுக்கும் நாளில் முதலாளியின் முகத்தைத் தவிர வேறு எதைக் கண்டும் நான் பயந்ததில்லை. ஆனாலும் பிள்ளையை இருத்தித் தள்ளும் அந்தச் சாம்பல் நிற ஸ்ரோலரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

1. நான் விற்ற முறை

மடக்கு ஸ்ரோலர் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு கையில் பிள்ளை, தோளில் பை. மற்றக் கையால் அதை மடித்து பஸ்ஸிலோ விமானத்திலோ ஏற்ற வேண்டும். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் நிறையை நான் வாசித்துக் காட்டுவதில்லை. தூக்குத் தராசில் கொழுவி, அவர்கள் கண் முன்னாலேயே நிறுப்பேன். அடுத்து பிள்ளையின் நிறையைக் கேட்டு, பில்லின் மூலையில் குறிப்பேன். கிளினிக் அட்டையில் உள்ள எண் எந்தத் தாய்க்கும் மனப்பாடம்.

கடைசியாகப் பிள்ளையை இருத்தி, பெல்ற் போட்டு, கண்ணாடிக் கதவு வரை ஒரு சுற்றுத் தள்ளிப் போவேன். வெளியே போகும் பஸ்ஸைப் பார்த்துப் பிள்ளை சிரித்தால் வியாபாரம் முடிந்தது. வெறும் ஸ்ரோலரை மட்டும் தள்ளிக் காட்டமாட்டேன். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஊர் இது. சனம் முகம் சுளிக்கும்.

ஒருநாள் குருநகரில் இருந்து றெஜி என்ற தகப்பன், மனைவியோடும் இரண்டு வயதை எட்டும் மகனோடும் வந்தார். சாம்பல் நிற ஸ்ரோலர் பிடித்துக்கொண்டது. அந்த நிறத்தில் இருந்ததே ஒன்றுதான். ஆறு கிலோ. மகன் பத்துக் கிலோ நானூறு கிராம். கதவடிக்குப் போய் வந்ததும் றெஜி காசைக் கட்டினார். சுற்றிக் கொடுப்பதற்காக இறக்கப் பார்த்தபோது, பையன் பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதான்.

"அழாதேங்கோ ராசா. இன்னொரு நாள் வாங்கோ, அன்ரி இன்னொரு சுத்துக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிற வார்த்தைதான்.

மூன்று கிழமை கழித்து றெஜி தனியே வந்து ஸ்ரோலரைத் திருப்பித் தந்தார். நாங்கள் சுற்றிக் கொடுத்த பொலித்தீன்கூட அவிழ்க்கப்படவில்லை.

"தேவைப்படேல்லை அக்கா."

கடையில் சரியான சனக்கூட்டம். ஏன் என்று நான் கேட்கவில்லை. துடைத்து, புது அட்டை கட்டி, புதுச் சாமான்களோடு சேர்த்து வைத்தேன்.

2. மத்தியான நேரம்

அதன்பிறகு, சனம் குறைந்த மத்தியானங்களில் அந்த ஸ்ரோலர் கண்ணாடிக் கதவடியில் நிற்கத் தொடங்கியது. தெருவைப் பார்த்தபடி நிற்கும். யாரோ நகர்த்துகிறார்கள் என்று வேலை செய்யும் பிள்ளைகளை ஏசினேன். பிறகு நிலம் சரிவோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் கதவுக்கு எதிர்ப்பக்கமாக, கடைக்குள்ளே ஓடியது. பிரேக்கை நானே அமத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கதவடியில் நின்றது. பிரேக் போட்டபடியே இருந்தது. பெல்ற்றும் பூட்டியிருந்தது.

விற்பனைக்கு நின்ற வினோவைக் கூப்பிட்டு ஏசினேன். அவள் அழுதுவிட்டாள்.

"நான் தொடேல்லை அக்கா. உதுக்குக் கிட்டப் போகவே எனக்கு ஏலாமல் கிடக்கு."

அவளைப் பேய்க்கதை கதைக்காதே என்று அதட்டினேன். ஆனால் அன்று பின்னேரம் ஸ்ரோலரைத் திரும்ப உள்ளே தள்ளியபோது எனக்கும் கை கூசியது.

3. உடுவில் பெண்

அடுத்த கிழமை உடுவிலில் இருந்து ஒரு தாய், இரண்டு வயது மகளோடு வந்தாள். கனடாவில் உள்ள கணவனிடம் தனியே பயணம். இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும்.

"ஒற்றைக் கையாலை மடிக்க ஏலவேணும் அக்கா. எனக்கு உதவிக்கு ஆரும் இல்லை."

இருந்ததில் பாரம் குறைந்தது சாம்பல் நிறம்தான். அதையே கொடு என்று முதலாளி கண்ணைக் காட்டினார். நான் தூக்கும்போதே கை இழுத்தது. தராசு பதினாறு கிலோ நானூறு காட்டியது. தராசு பழுது என்று நினைத்து நீல நிறத்தைக் கொழுவினேன். ஏழு கிலோ, சரி. மறுபடி சாம்பல் நிறம். பதினாறு நானூறு.

இறக்கி மடிக்கப் பார்த்தேன். லொக் திறந்தது, சட்டம் மடியவில்லை. உள்ளே பிள்ளை இருந்தால் ஸ்ரோலர் அப்படித்தான் மடியாமல் நிற்கும்.

சின்னவள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெறும் சீற்றைப் பார்த்தாள்.

"தம்பி இருக்கு" என்றாள்.

"ஆர் தம்பி அம்மா?" தாய் சிரித்தாள்.

"தம்பி அழுறான்."

முதலாளி கிட்ட வந்து, "குழந்தையள் உப்பிடித்தான் கதைக்குங்கள். எண்ணெய் விட்டுக் குடுத்துவிடும்" என்றார்.

"இது திரும்பி வந்த சாமான் தங்கச்சி. உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி நீல நிறத்தைக் கொடுத்தேன். முதலாளி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அவள் போனதும் பழைய பில் கட்டை எடுத்தேன். மூலையில் என் எழுத்து: 10.4. ஆறோடு கூட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. றெஜிக்குப் போன் எடுத்து, பிள்ளை சுகமோ என்று கேட்டேன்.

"அவன் தவறீட்டான் அக்கா. வாங்கின அண்டு இரவே காய்ச்சல். அதிலை அவன் இருந்தது உங்கடை கடையிலை மட்டும்தான். ஆஸ்பத்திரியிலையும், 'அன்ரி, பஸ்' எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவன்."

மறுநாள் காலை றெஜியைக் கடைக்கு வரச் சொன்னேன். தராசைப் பற்றியோ, கதவைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பிள்ளைக்கு ஒரு சுத்துச் சொல்லியிருந்தனான்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக வெறும் ஸ்ரோலரைத் தள்ளினேன். வெறும் ஸ்ரோலரின் பாரம் என் மணிக்கட்டுக்குத் தெரியும். அன்று நான் தள்ளியது அந்தப் பாரம் இல்லை. கதவடியில் நிறுத்தினேன். ஒரு பஸ் போகும்வரை நின்றோம். இன்னொன்றும் போகட்டும் என்று நின்றோம். திரும்பி வரும்போது, நடுக் கடையில், கைப்பிடி சட்டென்று இலேசாகியது. நான் நின்றுவிட்டேன். லொக்கை அமத்தினேன். ஒற்றைக் கையால் மடிந்தது.

நான் எதுவும் சொல்லியிராத றெஜி சீற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த முறை இறங்கேக்கை அவன் அழேல்லை அக்கா" என்றார்.

ஸ்ரோலர் விற்கும் பிள்ளைகளே, நிறையைப் பாருங்கள், லொக்கைப் பாருங்கள், ஒற்றைக் கையால் மடித்துப் பாருங்கள். திரும்பி வந்த சாமானுக்கு ஏன் என்று கேளுங்கள். எவ்வளவு சனம் நின்றாலும் கேளுங்கள். இறங்கமாட்டேன் என்று பிள்ளை அழுதால் இன்னொரு நாள் என்று சொல்லாதீர்கள். அப்போதே இன்னொரு சுற்றுத் தள்ளுங்கள்.