கழுத்து இன்னும் கொஞ்சம் தடிமன்

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. நான் செய்தது. மூன்று கால்கள் தரையில் நிற்கும். நான்காவது எப்போதும் யோசனையில் இருக்கும். என் மனைவி அதன்மேல் வடகத் தட்டைக்கூட வைக்கமாட்டாள். ஆனால் புதுப்பட்டினத்து நண்பன், அவன் இருந்தவரைக்கும், "ஃபர்னிச்சர்லாம் செய்வான்" என்றுதான் என்னை ஊருக்கு அறிமுகப்படுத்தினான். கேலிதான். அந்தக் கேலியை நம்பி ஒருநாள் அவனே என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தான்.

கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். பிறகு நான் நாவலூரில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன்; மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. பிறர் குறையைச் சொல்வதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் பலர் வேலைக்கு வந்துவிடுவார்கள். அவன் புதுப்பட்டினம் பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தான். கடை வயிற்றுக்கு, எலெக்ட்ரிக் கிட்டார் மனதுக்கு.

அவன் குடும்பம் போகும் கிறிஸ்தவச் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை. நெல், தேங்காய், பூசணிக்காய், கால் கட்டிய சேவல் என்று அவரவர் உழைப்பில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். இவன் வெறுங்கையோடு போவான். ஏலம் தொடங்கும் முன் எழுந்து கிட்டாரில் ஒரு பாட்டு வாசிப்பான். "நமக்கு வெளையறது இதான் மச்சான்" என்பான். சேவல்கூட அடங்கிக் கேட்கும். அவன் வாசிப்பு அப்படி.

அந்த வருடம் பண்டிகைக்குச் சில மாதம் முன்னால் கடைக்கு வரச் சொன்னான்.

"கழுத்து வளைஞ்சி பூடிச்சி மச்சான். உப்புக் காத்து. கை நிக்க மாட்டேங்குது. புதுசா ஒண்ணு செஞ்சி குடு. பண்டிகைக்கு வாசிக்கணும்."

"டேய், நான் செஞ்ச ஸ்டூலே ஆடுதுடா."

"பாட்டுன்னா ஆட்டம் இருக்கத்தான செய்யும். செய்யி."

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கிட்டாரின் கழுத்து, விரல்கள் ஓடுகிற அந்த நீளமான பகுதி, பின்பக்கம் நான்கு ஸ்க்ரூக்களில்தான் நிற்கிறது. கழற்றி, இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். ஸ்கேலுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். நேர். என் குணத்தைவிட நேர்.

எங்கள் தொழிலில் இது அடிக்கடி வரும். இங்கே குறை என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் அங்கே குறை இருக்காது. அப்படியென்றால் அது வேறெங்கோ இருக்கிறது.

சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்: "இன்னா மச்சான், வளைஞ்சிகீது இல்ல?" குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"வளைஞ்சா? வாழைப்பழம் மாதிரி கீதுடா" என்றேன்.

பழைய மரக்கடையில் ஒரு தேக்கு நிலைச்சட்டம் கிடைத்தது. "வாசலுக்கா, ஜன்னலுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். கழுத்துக்கு என்றேன். அதற்குமேல் என்னிடம் பேச அவர் விரும்பவில்லை. வீடியோக்களில் வெள்ளைக்காரர்கள் வெண்ணெய் வெட்டுவதுபோல் மரத்தை வெட்டினார்கள். நான் வெட்டியதை என் மனைவி பார்த்துவிட்டு, "மரத்துக்கும் உங்களுக்கும் முன்விரோதமா?" என்றாள். எப்படியோ நடுவில் பள்ளம் எடுத்து, கழுத்து வளையாமல் இருக்க வைக்கும் இரும்புக் கம்பியை உள்ளே படுக்கவைத்து, மேலே கருமரப் பலகையை ஒட்டினேன். பின்பக்கத்தை அரத்தால் ராவி உருட்டுவதுதான் மிச்சம். அது பிடிப்பவன் கையைப் பொறுத்த வேலை. கையில் கொடுத்துக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். "மேட்ச் எங்க சார்?" என்று கேட்டார் கண்டக்டர். கல்பாக்கத்தில் என்றேன்.

முதல் ஞாயிறு அவன் இடது கையால் கழுத்தைப் பற்றினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"தடிமனா கீது மச்சான். இன்னும் கொஞ்சம் எடு."

அப்போதுதான் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை திரண்டிருக்க வேண்டிய இடம் குழிந்துபோயிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைத் திருப்பிக்கொண்டான்.

கிளம்பும்போது அவன் மனைவி கேட் வரை வந்தாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"கடையில ஸ்க்ரூ டிரைவரே கையில நிக்க மாட்டேங்குது அண்ணா. நரம்பு காஞ்சிகினே வருதாம். போனது திரும்பாதாம். டாக்டர் சொல்லிட்டாரு."

"அவனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். உங்க கைல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. சொன்னா நீங்க கழுத்து செய்யறத நிறுத்திடுவீங்களாம்."

நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் கொண்டுபோனேன். ஞாயிறுதோறும் அவன் பற்றிப் பார்த்து, தடிமன் என்றான். நானும் "ஆமாம்டா, உலக்கை மாதிரி கீது" என்பேன். வீட்டுக்கு வந்து ராவுவேன். நான் எடுத்த தேக்குத்தூளைவிட வேகமாக அவன் கை இளைத்தது. பந்தயத்தில் ஓடத் தெரியாதவன் நான். பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விஷயம் அது.

தலைப்பகுதியில், தந்தி முறுக்கும் ஆணிகள் நிற்கிற இடத்தில், சிப்பியில் ஒரு கலங்கரை விளக்கம் பதிக்கச் சொல்லியிருந்தான். சிப்பிக்காக மாமல்லபுரம் போனேன். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் முத்துச்சிப்பித் துண்டுகள் ஒட்டிய கண்ணாடிச் சட்டம் தொங்கியது. ஒரு துண்டை நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.

"எத்தினி வருசம் ஆனாலும் வுழாது அண்ணாத்த" என்றான் கடைக்காரன்.

"வுழணுமே. வுழாதுன்னா எனக்கு வேணாம்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தான். "அப்ப இத்த எடுத்துக்கோ. வூடு போய்ச் சேர்றதுக்குள்ள வுழுந்துடும்."

சிப்பி அறுப்பதற்கென்று நூல்போல ஒரு ரம்பம் இருக்கிறது. அது உடைவதற்கென்றே செய்யப்பட்டது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அறுத்தேன். மரத்தில் அதே வடிவத்தில் பள்ளம் தோண்டி, சிப்பியை உட்காரவைத்து, சுற்றிலும் விட்ட இடைவெளியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நான் அடைத்த இடைவெளிக்குக் கொஞ்சம் அதிக தூரம் தேவைப்பட்டது.

"இன்னா மச்சான், ஷாம்பு பாட்டில் வெச்சிக்கிற?" என்றான் அவன்.

"கலங்கரை விளக்கம்டா."

"கப்பல்காரன் பார்த்தான்னா குளிச்சிட்டுப் போயிடுவான்." சிரித்தான். சிரித்துக்கொண்டே கழுத்தைப் பற்றினான். மூன்று விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் வரவில்லை. வலது கையால் அதைப் பிடித்து மடக்கி வைத்தான். "கொஞ்சம் தடிமனா கீது, இல்ல?"

பண்டிகைக்கு முந்தைய வாரம், மாடியில் உட்கார்ந்து ராவிக்கொண்டிருந்தேன். அரம் திடீரென்று வேறு குரலில் கிரீச்சிட்டது. திருப்பிப் பார்த்தேன். மரம் தீர்ந்து உள்ளேயிருந்த இரும்புக் கம்பி வெளியே தெரிந்தது. நெல்மணி நீளத்துக்கு, பளபளவென்று.

என் மனைவி காய்ந்த துணிகளை எடுக்க மேலே வந்தாள். "முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சி. இதுக்கு மேல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. கழுத்தை வாங்கி அந்த ஓட்டையை விரலால் தடவினாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நம்பாத அந்த ஸ்டூலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவும் ஆடாமல் நின்றது. "சிப்பி மிச்சம் இருக்குதில்ல? மூடிடுங்க" என்றாள்.

கழுத்தின் பின்பக்கத்தில் யாரும் சிப்பி பதிப்பதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது வராது. ஓர் அரிசி வடிவத்தில் மெல்லியதாக ஒரு துண்டை அறுத்து அங்கே பதித்தேன். ரம்பம் அன்று உடையவில்லை. நான் செய்ததிலேயே இடைவெளி இல்லாமல் அமைந்தது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு கழுத்தை அவன் கையில் வைத்ததும் கட்டை விரல் நேராக அங்கே போய் நின்றது.

"பின்னாடி எவன்டா சிப்பி வெப்பான்?"

"நீ வெரல் வெக்கிற எடம்டா அது. சும்மா ஒரு ஸ்டைலு."

ரிப்பேர்காரனிடம் அது செல்லுமா? தடவிக்கொண்டே இருந்தான். "கம்பி தெரிஞ்சிடுச்சா?"

"ம். இனிமே எடுக்க மரம் இல்லடா."

கழுத்தை மடியில் வைத்துக்கொண்டான். தெருவில் ஒரு மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள்.

"நல்லதுதான் மச்சான்" என்றான். "நானும் எத்தினி வாரத்துக்குத்தான் தடிமனா கீது, தடிமனா கீதுன்னு சொல்லிகினு இருக்கறது. நீயும் எத்தினி வாரத்துக்கு ஆமாம் போடுவ."

கழுத்தைக் கிட்டாரோடு மாட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அப்படியே பண்டிகைக்குக் கொண்டுவரச் சொன்னான்.

பண்டிகையன்று அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வழக்கமாக அவன் எழுந்து வாசிக்கும் நேரம் வந்தது. எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மனைவியிடம் கண்ணைக் காட்டினான். அவள் என்னிடமிருந்து கழுத்தை வாங்கிப் போய் பூசணிக்காய்களுக்கும் வாழைத்தாருக்கும் நடுவே வைத்துவிட்டு வந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "உனக்குச் செஞ்சதுடா" என்றேன் காதோரம்.

"வருசா வருசம் இந்தக் கையைத்தான மச்சான் குடுத்தேன். இந்த வருசம் அது இல்ல. அந்தக் கைக்கு அளவெடுத்தது கீதில்ல. அத்த குடுக்கறேன்."

ஏலம் விடும் பெரியவர் தேங்காய்களை முடித்துவிட்டு அதைத் தூக்கினார். "இது இன்னாபா, துடுப்பா?" என்றார். யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். நான் கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னேன். பெண்கள் பக்கமிருந்து யாரோ அதற்குமேல் கேட்டார்கள். நான் ஏற்றினேன். அந்தப் பக்கமும் ஏறியது. ரோஷம் வந்துவிட்டது எனக்கு. தந்தியில்லாத, பாதிக் கிட்டார். அதுவும் நான் செய்தது. இதற்கு உண்மையிலேயே ஆசைப்படுகிற பைத்தியம் யார் என்று எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன்.

அவன் மனைவி. முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையைத் தூக்கியபடியே நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஏலக்காரரின் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"தோத்துட்டியா மச்சான்?" என்றான் அவன். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தான். பந்தலும் சிரித்தது. சிரித்து முடிந்ததும் அவன் முகம் கழுவியதுபோல் ஈரமாக இருந்தது. துடைக்க அவன் கை எழவில்லை. என் துண்டால் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். கையில் வேட்டிச் சுருள் இல்லாமல் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "டீம்ல எடுக்கலியா சார்?" என்று விசாரிப்பார். கழுத்து அவன் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். சில வாரங்கள் அவனே இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு அவள் எடுத்து வைத்தாள். மழைக்காலம் வந்தபோது குரலும் இறங்கியிருந்தது.

கடைசி ஞாயிறு நல்ல மழை. நான் நனைந்துபோய் உள்ளே நுழைந்தேன். அவள் ஒரு துண்டை என்னிடம் தந்துவிட்டு, கழுத்தை எடுத்து அவன் இடது உள்ளங்கையில் வைத்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கினாள். கட்டை விரலைச் சிப்பியின்மேல் கொண்டுபோய் நிறுத்தி, நழுவாமல் இருக்கத் தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வாரமும் அவன் சொன்னதையே நான் கேள்வியாகக் கேட்டேன்.

"இன்னாடா, தடிமனா கீதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, தன் கைமேல் அவள் கை பிடிக்கிற பிடியைக் கொஞ்ச நேரம் கவனித்தான்.

"இல்ல மச்சான்" என்றான். "இப்ப கரெக்டா கீது."