கடல்பாசி பூசிய தலை

காலை ஐந்தே காலுக்கு வர வேண்டிய குழாய்த் தண்ணீர் அன்று வரவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த எல்லாக் கோளாறும் அந்த ஐந்தே காலில்தான் ஆரம்பித்தது.

எனக்கு அன்று புதுநன்மை. ஏழு மணிப் பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்க வேண்டும். வெள்ளைக் கவுன் தேய்த்துத் தொங்கியது. துணிப்பூ வைத்த கிரீடமும் அதோடு தைத்த வலை முக்காடும் அலமாரி மேல் காத்திருந்தன. மிச்சம் இருந்தது என் தலை மட்டும்.

அம்மாவுக்கும் சித்திக்கும் சீப்பு வைத்தால் அதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கும் முடி. எனக்கு வாய்த்தது அப்பாவின் சுருட்டை. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது போனவர், ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி, ஒருவழியாக அன்று காலைச் சென்னை ரயிலில் வந்து இறங்குவதாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவர் கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வி, "சுருட்டை எப்படி இருக்கா?" என்பதுதான். அவரிடம் இருந்த என் போட்டோவிலும் நெற்றி நிறையச் சுருள்கள் விழுந்திருக்கும். அந்தச் சுருளை வைத்துத்தான் அப்பா என்னைக் கண்டுபிடிப்பார் என்பது என் முடிவு. கோயில் முழுக்க ஒரே மாதிரி வெள்ளைக் கவுனில் பிள்ளைகள் நிற்கும்போது வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

அம்மாவின் முடிவு வேறு. கிரீடம் தலையில் படிந்து உட்கார வேண்டும், அதற்கு முடி நேராக வேண்டும்.

"நேராக்கிட்டா அப்பா என்னைய எப்படிம்மா கண்டுபிடிப்பாவ?"

"பெத்த தகப்பனுக்குப் பிள்ளைய தெரியாதாக்கும். பேசாம குனி."

குனிந்தேன். டிரம்மில் இருந்த நல்ல தண்ணீர் விருந்தாளிகளின் காபிக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்ததால், போர் தண்ணீரில் என் தலை அலசப்பட்டது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரியும். அம்மா அதையும் இதையும் தேய்த்து, தன் முடிக்குச் செய்வதுபோலவே துண்டை முறுக்கி என் தலையை அடி அடியென்று அடித்துத் துவட்டி, ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, காயக் காயச் சிக்குச் சீப்பால் வாரினாள். சுருட்டை முடியை என்னவெல்லாம் செய்யக் கூடாதோ அத்தனையும் ஒரே காலையில் முடிந்தது. முடி நேராகவில்லை. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டு எழுந்து நின்றது. கிரீடத்தை வைத்தார்கள். அது தலையைத் தொடாமல், அலையில் கிடக்கும் வள்ளம் மாதிரி மேலே ஆடியது.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "ஏளா, பிள்ளைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியளா, நாடகத்துக்கா?"

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் சித்தி களம் இறங்கினாள். சித்தி அழகு நிலையம் ஒன்றில் கொஞ்ச காலம் உதவிக்கு இருந்தவள், எதற்கும் பதறாதவள். விருந்துக்கு, பால் விட்டு உறைய வைக்கும் இனிப்புக்காக அடுப்பில் கடல்பாசி காய்ச்சி இறக்கி வைத்திருந்தது. இன்னும் பால் சேர்க்கவில்லை. கண்ணாடி போலத் தெளிவாக, வழவழவென்று இருந்தது.

"பார்லர்ல இதையேதான் குப்பியில அடைச்சு விக்கான்" என்றாள்.

ஒரு கிண்ணம் எடுத்து ஆற்றி, கையால் அள்ளி அள்ளி என் தலையில் பூசிப் பின்னோக்கி வாரினாள். உறையும் பொருளாயிற்றே, உறைந்தது. பத்து நிமிடத்தில் என் தலை மெருகு போட்ட மேசையாகிவிட்டது. கிரீடம் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா சித்தியின் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். கண்ணாடியில் தெரிந்த பெண் யாரோ. எனக்கு அழுகை வந்தது, அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் சித்தி கேட்கவில்லை, அம்மா சொல்லவும் இல்லை. கடல்பாசியில் சீனி போட்டாகிவிட்டது.

பூசையில் பிரசங்கம் ஆரம்பித்ததும் முதல் ஈ வந்தது. பிறகு அதன் உறவினர்கள் வந்தார்கள். கை குவித்திருக்க வேண்டும் என்று கன்னியாஸ்திரீ சொல்லியிருந்ததால் விரட்டவும் முடியாது. பக்கத்திலிருந்தவள் என் காதோரம் குனிந்து, "உன் தலையில எறும்பு ஊருதுளா" என்றாள். எனக்கு எறும்பு பெரிதாகப் படவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வரவில்லை. நற்கருணை வாங்கித் திரும்பியபோதும் வரவில்லை. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டியும் தொப்பியுமாக ஒரு ஆள் நின்றார். கோயிலுக்கு வந்த ஆள் ஏன் உள்ளே வராமல் நிற்கிறார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கோயில் வளாகக் குழாய்க்கு ஓடினாள். அங்கே நல்ல தண்ணீர் கொட்டியது. சீப்பு இல்லை, துண்டு இல்லை. உள்ளங்கையால் தண்ணீர் அள்ளி ஊற்றி, விரலாலேயே கோதி, சேலை முந்தானையில் முடியைப் பிடித்துக் கீழிருந்து மேலாகப் பிழிந்து பிழிந்து விட்டாள். எறும்பு போயிற்று. விட்ட இடத்திலெல்லாம் சுருள் ஒவ்வொன்றாகத் திரண்டு விழுந்தது. என் வாழ்நாளில் என் முடி அதுவரை அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

சுருட்டை முடிக்கு அதுதான் வைத்தியம் என்று இப்போது நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன். நல்ல தண்ணீர், ஈரத்திலேயே விரலால் கோதல், பழைய பருத்தித் துணியில் பிழிதல், காயும்வரை தொடாமல் இருத்தல். இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் மகள். கல்லூரி விடுதிக்கு அவளை எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னலோடு அனுப்பியிருந்தேன். போன வாரம் விடுமுறைக்கு வந்தாள். பிளாட்பாரத்தில் நான் பின்னலைத் தேடிக்கொண்டு நின்றேன். தோள் நிறையச் சுருள் புரள ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். பின்னாலிருந்து "அம்மா" என்று குரல் வந்த பிறகுதான் திரும்பினேன். பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியவில்லை. ஒரு கணம்தான். அந்தக் கணத்தில்தான் கேட்டோரம் நின்ற அந்த ஆள் திரும்ப நினைவுக்கு வந்தார்.

அன்று குழாயடிக்கு அவர் மெல்ல நடந்து வந்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையைக் கையிலேயே வைத்திருந்தாள். நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா என்றால் அடர்ந்த சுருட்டை முடி. இந்த ஆளிடம் அது இல்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். தலை வழுவழுவென்று வெயிலில் மின்னியது.

கோயிலுக்குள் வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும். பூசை முழுக்க அவர் கேட்டடியில் நின்றதற்கு அதுதான் காரணம் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? கப்பலிலிருந்து இறங்கி, ரயில் ஏறி, ஊர் வரும்வரை என்னைப் போலவே அவரும் ஒன்றையே நினைத்துப் பயந்துகொண்டு வந்திருப்பார் என்றும் தெரியாது. அவர் சிரித்ததை மட்டும்தான் பார்த்தேன். குனிந்து, என் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்த ஒரு சுருளை விரலால் இழுத்து விட்டார்.

"ஏளா சுருட்டை, நான் உன்னைய கண்டுபிடிச்சிட்டேன். நான் யாருன்னு நீ சொல்லு பாப்போம்."