போலந்துக்காரரின் கொப்பிகள்

எண்பதுகளின் கடைசியில், டூட்டிங்கில் என் பக்கத்து அறையில் ஒரு போலந்துக் கிழவர் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம்தான் தன் ஆராய்ச்சியைச் சொல்வார். ஆதியில் உயிரொலியில் தொடங்கிய பல சொற்களின் முன்னால் அவருடைய போலிஷும் அதன் உறவு மொழிகளும் ஒரு மெய்யொலியைச் சேர்த்துக்கொண்டனவாம்.

"இங்கே இங்கிலீஷில் அப்பிள், எங்களுக்கு யாப்கோ," என்று சிரிப்பார்.

முப்பது வருடமாக அதையே கொப்பிகளில் எழுதியிருந்தார். "நான் செத்தால் நீ எடுத்துவை" என்றார். "ஓம், எடுத்துவைக்கிறேன்" என்றேன்.

அவர் இறந்தபின் அறையை ஒழித்த வீட்டுக்காரி, "இந்தக் கொப்பிகள் வேண்டுமா?" என்று கேட்டாள். எங்கள் ஊர் ஆட்களுக்குள் எதைத் தந்தாலும் முதல் தரம் மறுப்பதுதான் மரியாதை. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தரம் கேட்பாள் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. என் கண் முன்னாலேயே எல்லாம் குப்பை லொறியில் ஏறின.

"உங்களுக்கு வாய் இல்லையோ, அண்ணை?" என்றான் என் அறையில் இருந்த பெடியன்.

இருந்தது. அவருக்கு ஓம் சொன்னதும் இதே வாய்தான்.