வடிவு கண்ண மூடிக்கிட்டுப் பொறுக்குனது

எந்தங்கச்சி சண்முகவடிவப் பத்திக் கேட்டா எங்க தோட்டத்துல ஆளாளுக்கு ஒன்னு சொல்லுவாங்க. பைத்தியக்கார வடிவுன்னாத்தான் பூண்டுலோயா டவுன் வரைக்கும் தெரியும். சொல்லிட்டுப் போகட்டும். அவளோட லயத்துல ஒரே ரூமு, ஒரே காம்பராவுல கெடந்து, அவளுக்குச் சோறு போட்டு, அவள அடிச்சவ நானு. அதனால நாந்தான் சொல்லணும்.

ஆத்தா அப்பன் போன பொறகு நாங்க ரெண்டே பேருதான். வடிவு நல்லாத் தேயிலைக் கொழுந்தெடுப்பா. அம்பத்தேழுல, பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷந்தான் கோளாறு ஆரம்பிச்சுச்சு. தேயிலை நெரையில நின்னுக்கிட்டு யாருக்கோ பதில் சொல்லுவா. தொரை பங்களா ரேடியோவுல எம்பேரச் சொல்லித் திட்டுறாங்கம்பா. பூசாரி வந்து வேப்பங்கொழையால அடிச்சுப் பாத்தான். அடி வாங்குனதுதான் மிச்சம். கடைசியில தோட்டத்து டாக்டரய்யா கடுதாசி குடுத்து, கொழும்புப் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாரு. பதினாலு மாசம் அங்க இருந்தா.

திரும்பி வந்தப்ப அவ காதுல கேட்ட குரலெல்லாம் நின்னு போயிருந்துச்சு. ரெண்டு வேளையும் மாத்திர குடு, மறுபடி ஏதாச்சும் பெனாத்துனா ஒடனே வந்து சொல்லுன்னாரு டாக்டரய்யா. தொரை வேறொன்னு சொல்லிவிட்டாரு. மூனு மாசம் ஒழுங்கா வேல செஞ்சா செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, பேரு நிக்கும், காம்பராவுல இருக்கலாம். இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கே போயிறணும், தோட்டத்துல எடமில்ல. அந்த மூனு மாசந்தான் எங்க ரெண்டு பேரு உசுரும்.

மலைக்கு அனுப்புனேன். மொத நாளே கொழுந்து நிறுக்கையில கங்காணி கத்துறான். கூடையில பாதி முத்தல் எல. எளசுக்கும் முத்தலுக்கும் பச்சையில இருக்கிற வித்தியாசம் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். பாத்துத்தான் எடுத்தேன்கிறா இவ. அரப்பேருதான் போட்டான், அர நாள் சம்பளம். மறுநாளும் அதே கூத்து. நான் வேல பாக்கிற தேயிலை ஸ்டோருக்கு டீமேக்கரய்யாதான் பெரியவரு. அவரு கால்ல விழாத கொறையாக் கெஞ்சி, அவள ஸ்டோருக்குள்ள எம்பக்கத்துலயே குச்சி பொறுக்க ஒக்கார வச்சேன்.

குச்சி பொறுக்குறது ஒன்னும் மலையப் பொரட்டுற வேல இல்ல. காஞ்ச தேயிலை கருப்பா இருக்கும், அதுல செவப்புக் குச்சி கெடக்கும். செவப்ப எடுத்துட்டுக் கருப்ப விடணும். அம்புட்டுத்தான். வடிவு தட்டுலயோ எல்லாம் தலகீழு. குச்சி அப்பிடியே கெடக்கும், எடுத்துப் போட்ட பக்கம் நல்ல தூளு கெடக்கும். டீமேக்கரய்யா வர்றதுக்குள்ள ஏந்தட்ட அவ பக்கம் தள்ளிவிட்டு, அவ தட்ட நான் வாங்கிப் பொறுக்குவேன். எத்தன நாளைக்கு அப்பிடி ஏமாத்துறது? தொடையில நறுக்குன்னு கிள்ளுவேன். கண்ணு அவிஞ்சா போச்சுன்னு வைவேன்.

ஒரு நாளு அழுதுக்கிட்டே சொன்னா.

"எல்லாம் ஒரே நெறமாத் தெரியுதுக்கா. கருப்பும் செவப்பும் ஒன்னாப் போயிருச்சு."

ரேடியோ திட்டுதுன்னு சொன்ன வாயிதானே அது. நான் எப்பிடி நம்புவேன்? இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் குங்குமச் சிமிழத் தொறந்து மூஞ்சிக்கு நேரா நீட்டி, இது என்ன நெறம்னு கேட்டேன். செவப்புன்னா. வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்! குங்குமம் தெரியுது, குச்சி தெரியலையோ? ஏண்டி நடிக்கிறன்னு கன்னத்துல ஓங்கி ஒன்னு வச்சேன். அதுக்கப்பறம் நெறத்தப் பத்தி அவ வாயே தொறக்கல.

ரெண்டு மாசம் தாண்டிருச்சு. ஒரு சாயங்காலம் பீலிக் கொழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு வர்றேன், காம்பரா வாசல்ல சாக்க விரிச்சு ஒக்காந்திருக்கா. முன்னால மொறத்துல, தோட்டத்துல வீட்டுக்குக் குடுக்கிற தேத்தூளு. அதுல பாதி குச்சிதான் கெடக்கும். கண்ண இறுக்க மூடிக்கிட்டு வெரலால தடவுறா. ஒதடு வேற முணுமுணுக்குது. மறுபடி வந்திருச்சுன்னே முடிவு கட்டிட்டேன். இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கக்கான்னு என்னமோ சொல்ல வந்தா. கேக்கவே இல்ல நானு. மொறத்தப் பிடுங்கி மூலையில வீசுனேன்.

விடிஞ்சதும் டாக்டரய்யாகிட்ட ஓடுனேன். நெறம் தெரியலங்கிறா, கண்ண மூடிக்கிட்டுத் தனியாப் பேசுறான்னு நானே ஏவாயால சொன்னேன். அவரு கடுதாசி எழுதிட்டாரு. நாலாம் நாளு தலவாக்கொல்லையில ரயிலேத்துனோம். அவ மல்லுக்கட்டல, அழுகல. ஒன்னே ஒன்னுதான் சொன்னா.

"கட்டிலுக்கடியில ஒரு டின்னு இருக்கு. கொட்டிறாதக்கா."

பத்து நாளு அத நான் தொடல. வீடு கூட்டையில தட்டுப்பட்டுச்சு, பழைய பிஸ்கட் டின்னு. நடுவுல அட்டைய வச்சுத் தடுத்திருக்கா. ஒரு பக்கம் தூளு, ஒரு பக்கம் குச்சி. தூளத் தட்டுல கொட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேடுறேன், தேடுறேன், ஒரு குச்சி இல்ல. பதினஞ்சு வருஷமாப் பொறுக்குறவ நானு, ஏந்தட்டுலயே நாலஞ்சு தப்பி நிக்கும். கண்ண மூடிக்கிட்டு நானும் தடவிப் பாத்தேன். தூளு சுருண்டு உருளுது, குச்சி நீட்டமாக் குத்துது. கண்ணு ஏமாத்துதுன்னு தெரிஞ்சு அவ வெரலுக்குப் பழக்கிக்கிட்டு இருந்திருக்கா. பாவி நான், அதத்தான் பைத்தியம்னு சொல்லிட்டு வந்தேன்.

டின்ன எடுத்துக்கிட்டு டீமேக்கரய்யாகிட்டப் போனேன். கைய விட்டு அளைஞ்சு பாத்துட்டு, நல்ல வேல, யாரு செஞ்சதுன்னாரு. வடிவுன்னேன். டின்ன மூடி எங்கையில குடுத்துட்டாரு. அவ எடத்துல கஸ்பரு பொண்டாட்டி மார்கிரட் ஒக்காந்து பொறுக்கிக்கிட்டு இருந்தா. அவளத் திரும்பச் சேத்துக்கச் சொல்லி தொரைகிட்டயும் ஆளவிட்டுக் கேட்டேன். ரெண்டு தடவ போனவளுக்கு மூனாந்தடவ பேரு கெடையாதுன்னு கணக்கப்பிள்ளை வந்து சொல்லிட்டாரு. யாரத் திட்டுறது? திட்டுறதுன்னா என்னையத்தான் திட்டணும்.

மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க மட்டக்களப்பு நர்ஸம்மா ஒருத்தவங்க தமிழ்ல பேசுவாங்க. விசயத்தச் சொன்னேன். இந்த வியாதிக்காரங்கள்ல கொஞ்சப் பேருக்கு அப்பிடி இருக்கிறது உண்டும்மா, பளிச்சுன்னு இருக்கிற நெறம் தெரியும், கிட்டக்கிட்ட இருக்கிற நெறந்தான் கொழம்பும்னாங்க. இத மூனு மாசத்துக்கு முந்தி எவனாச்சும் ஒருத்தன் எங்கிட்டச் சொல்லிருக்கக் கூடாதா? வடிவு சொன்னா. நான் கன்னத்துல அறைஞ்சேன்.

அவள வெளி வெறாந்தாவுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எளைச்சுப் போயிருந்தா. டின்ன மடியில வச்சேன். மூடியத் தடவிக்கிட்டே, குச்சி கெடந்துச்சான்னு கேட்டா.

"ஒன்னுகூட இல்லடி."

"டீமேக்கரய்யாகிட்டக் காட்டுனியாக்கா?"

காட்டுனேன்னேன். என்ன சொன்னாருன்னா. நல்ல வேலைன்னு சொன்னாருன்னேன். இனிமே தோட்டத்துல அவளுக்கு எடமில்லங்கிறத மட்டும் சொல்லல. அவ விருட்டுன்னு உள்ள போனா. தன்னோட துணிய மூட்டையாக் கட்டி எடுத்துக்கிட்டு வந்து, வீட்டுக்குப் போறதுக்கு ரெடியா எம்பக்கத்துல ஒக்காந்துக்கிட்டா.