எங்கள் மாமாவும் தோற்றுக்கொண்டே இருந்த அணியும்

செவ்வாய்க்கிழமை மாலை லைங் தாயாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஃபெரியில் இருந்தேன். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ரங்கூனில் நாங்கள் ஃபெரி என்றுதான் சொல்வோம். என் கணவர் ஜோசப் போன் செய்தார். "அப்பா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு. எழுந்திருக்கல" என்றார். 

பக்கத்து இருக்கையில் மா கின் இருந்தாள். எங்கள் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்பவள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். மாமனார் இறந்துவிட்டார் என்றேன். "அந்தக் கோஸ்டா ரிகா ஊவா?" என்று கேட்டாள். ஊ என்பது பர்மிய மொழியில் பெரியவர்களைக் குறிக்கும் மரியாதைச் சொல். நான் தலையாட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தும் விட்டாள். மாமாவை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஃபெரியில் நான் சொன்ன கதைகளைக் கேட்டவள், அவ்வளவுதான். அவரைத் தெரியாத அவளைப் போன்றவர்களுக்காகவும், தெரிந்த எங்கள் தாமுவேப் பேட்டைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் மாமனார் அருளப்பன் அவர்கள் தாமுவேயில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். மாமாவுக்கு மேஜை நாற்காலி ஒத்துவரவில்லை. இருபது வயதைத் தாண்டியதும் கப்பலில் ஃபிட்டராக ஏறிவிட்டார். எஞ்சின் அறையில் வேலை. சில வருடங்கள் கழித்து, வாழைப்பழம் ஏற்ற வந்த ஒரு கப்பலில் கோஸ்டா ரிகாவின் லிமோன் துறைமுகத்தில் போய் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட இறக்கிவிடப்பட்டார் என்பதே சரி. குடல்வால் வெடித்து, சுயநினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில் போனார். அறுவை முடிந்து கண் விழித்தபோது கப்பல் புறப்பட்டுப் போயிருந்தது.

ஸ்பானிஷ் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்த ஒரு ரயில்வே கார்டு படுத்திருந்தார். ஆல்வரோ என்று பெயர். டொன் ஆல்வரோ என்று மாமா மரியாதையாகச் சொல்வார். "டொன்னுனா நம்ம ஊ மாதிரிம்மா" என்று எனக்கு விளக்கியிருக்கிறார். ஆல்வரோவின் தலைமாட்டில் எந்நேரமும் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். அதில் கால்பந்து வர்ணனை. அந்த நாட்டின் முதல் பிரிவு லீக் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் அவர் மருந்துக் குப்பிகளை மேஜைமேல் அடுக்கி, பந்து எங்கே இருக்கிறது, யார் யாரை வெட்டிக்கொண்டு போகிறார் என்று நகர்த்திக் காட்டுவாராம். "ரெண்டு பேருக்கும் புரிஞ்ச ஒரே வார்த்த கோல்" என்று மாமா சொல்வார். "அதையும் எதிர் டீம்தான் போட்டுக்கிட்டு இருந்துச்சு."

லிமோனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஆல்வரோவின் மனைவி சோறும் கறுப்பு பீன்சும் இரண்டு பேருக்காகக் கொண்டுவர ஆரம்பித்தார். மருத்துவமனையை விட்டு வெளியே வந்ததும், கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் டிக்கெட் வாங்கித்தரும்வரை எங்கள் வீட்டில் வந்து இருந்துகொள் என்று அழைத்துப் போய்விட்டார்கள். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ரயிலில் ஏறி மலைக்கு மேலே கார்த்தகோ என்ற ஊருக்குப் போனார்கள். அந்த நாட்டின் பழைய தலைநகரம் அது. குளிரும் தூறலும் உள்ள ஊர். ஆல்வரோவின் சட்டை, ஆல்வரோவின் ஸ்வெட்டர் என்று மாமா போட்டுக்கொண்டதெல்லாம் அவர்களுடையதுதான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்து நேரே மைதானம். கார்த்தகோ அணி தோற்றது. திரும்பி நடக்கும்போது, உங்கள் அணி கடைசியாக எப்போது சாம்பியன் ஆனது என்று மாமா கையைக் காலை ஆட்டிக் கேட்டிருக்கிறார். ஆல்வரோ யோசித்துவிட்டு, தன் உயரத்துக்குக் கீழே, முழங்காலுக்கும் கீழே, கையைத் தரையோடு தரையாக வைத்துக் காட்டினாராம். நான் இத்தனூண்டு இருந்தபோது என்று அர்த்தம். மாமா நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்கச் சிரித்திருக்கிறார். ஆல்வரோவும் இன்னும் சரியாகாத காலோடு கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்திருக்கிறார்.

"ஆனா மைதானம் நிறைஞ்சு இருந்துச்சும்மா" என்று மாமா ஒருமுறை என்னிடம் சொன்னார். "தோக்கும்னு தெரிஞ்சே அத்தன பேரும் குடும்பத்தோட வந்திருந்தாங்க. அவங்க ஜெயிக்கிற அன்னிக்கு நானும் பாக்கணும்னு அன்னிக்கே நெனச்சுட்டேன்."

அப்படி நினைத்தவர் நாற்பது வருடங்களுக்கும் மேலாகக் காத்திருந்தார்.

கப்பல் வேலையை விட்டபின் க்யிம்யிண்டைங் படகுத் துறைக்கு அருகே எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். ஆற்றைக் கடக்கும் படகோட்டிகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரு படகோட்டியை விடாமல் பேசி அவர் படகுக்குக் கார்த்தகோவின் நீலமும் வெள்ளையும் அடிக்க வைத்தார். ஒரு மாதம் கழித்து அந்தப் படகோட்டி வந்து, "ஊ, இந்த பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து எல்லாப் படகும் என்ன முந்திக்கிட்டுப் போவுது" என்று முறையிட்டார். "அப்படின்னா சரியான பெயிண்ட்தான் அடிச்சிருக்க" என்றாராம் மாமா.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சமையலறையில் இருந்தேன். முன்னறையிலிருந்து ஒரு பெரும் அலறல். நெருப்புப் பிடித்துக்கொண்டதோ என்று ஓடினேன். என் மாமியார் செசிலி அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தி, "பயப்படாதம்மா. ஒன் மாமா இப்ப தென் அமெரிக்காவுல இருக்காரு" என்றார்.

"மத்திய அமெரிக்கா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர்களுடைய சனிக்கிழமை இரவு நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஊருக்கு இன்டர்நெட் ஒழுங்காக வந்த பிறகு, ஆல்வரோவின் பேத்தி லூசியா தன் போனைத் தொலைக்காட்சிக்கு எதிரே சாய்த்துவைத்து வீடியோ அழைப்பில் ஆட்டத்தைக் காட்டுவாள். படம் அடிக்கடி உறைந்து நிற்கும். உறைந்த படத்தைப் பார்த்தும் மாமா நடுவரைத் திட்டுவார். காலைப் பூசைக்கு ஏன் வருவதில்லை என்று பங்குத் தந்தை கேட்டபோது, "அந்த நேரத்துல நானும் வீட்டுல முழங்கால்லதான் ஃபாதர் இருக்கேன்" என்று பதில் சொன்னார். மாலைப் பூசையை அவர் தவறவிட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த லீக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். அங்கே ஒரு வருடத்தை இரண்டாக வெட்டி இரண்டு பட்டம் தருவார்கள். ஒன்று தொடக்கப் போட்டி, மற்றது நிறைவுப் போட்டி. "மத்த நாட்டுல வருஷத்துக்கு ஒரு தடவதான் தோக்க முடியும். நமக்கு ரெண்டு வாய்ப்பு" என்பார். தலைநகரத்தின் ஊதாச் சட்டைக்காரர்கள், பக்கத்து ஊரின் சிவப்பு கறுப்பு, இன்னொரு ஊரின் சிவப்பு மஞ்சள் என்று இரண்டு மூன்று பெரிய அணிகளே கோப்பையைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டிருக்கும். கார்த்தகோ இறுதியாட்டம்வரை வந்து கோட்டைவிடும். மைதானத்துக்கு அடியில் யாரோ ஒரு பொம்மையைப் புதைத்துச் சாபம் வைத்துவிட்டார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. அதைப் பற்றிக் கேட்டேன். "பொம்மையாவது ஒண்ணாவது. டிஃபென்ஸ் சரியில்ல" என்றார்.

2022 ஜூலையில் கார்த்தகோ மறுபடியும் இறுதிக்கு வந்தது. சிவப்பு கறுப்புச் சட்டைக்காரர்களோடு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் கார்த்தகோ ஜெயித்துவிட்டது. இரண்டாவது ஆட்டம் எதிராளியின் மைதானத்தில். தோற்காமல் இருந்தால் போதும். அது நமக்கு வியாழக்கிழமை காலை. நான் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். காரணம் என்ன என்றார். வீட்டில் பெரியவருக்கு முக்கியமான நாள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று எங்கள் தெருவில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் அது புதிதல்ல. மாமா முன்யோசனையாக எல்லாப் போன்களையும் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். வெளியே நல்ல மழை. முதல் பாதி எப்படியோ போயிற்று. இரண்டாம் பாதியில் ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது வீட்டுக்குள் சிக்னல் செத்துவிட்டது. மாமா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், மாடிப்படியில் நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"ஊ டுன் கடையில ஜெனரேட்டர் ஓடுது. வைஃபையும் இருக்கும்" என்றார் ஜோசப்.

அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய மனிதர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார். "ஏங்க, கொடை! கொடையப் பிடிங்க!" என்று அத்தை கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அத்தைக்குப் பின்னால் நாங்கள் இருவரும்.

தெரு முனையில் இருக்கும் ஊ டுன்னின் டீக்கடையில் காலை நேரக் கூட்டம். சொட்டச் சொட்ட நனைந்து வந்தவரைப் பார்த்து ஊ டுன் பதறிப்போனார். "என்ன ஊ, வீட்டுல யாருக்காவது முடியலையா?"

"கார்த்தகோ" என்றார் மாமா, மூச்சு வாங்க.

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஊ டுன் தன் கையாலேயே போனில் வைஃபையைப் போட்டுக்கொடுத்து, சர்க்கரை டப்பாவில் அதைச் சாய்த்துவைத்தார். டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் இங்கிலாந்து அணிகளின் ரசிகர்கள். நீலச் சட்டை யார், எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார்கள். எண்பது வருடத்துக்கும் மேலாக ஜெயிக்காத அணி என்று ஜோசப் சொன்னதும் கடை முழுவதும் ஒரே நிமிடத்தில் கார்த்தகோ கட்சியாகிவிட்டது. எதிரணி பந்தை எடுத்தால் ஐயோ என்றார்கள். கார்த்தகோவின் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தால் மேஜையைத் தட்டினார்கள். அதுவரை ஒரு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்திராத அத்தை, ஈரக் குடையைக் கையில் பிடித்தபடி, "இன்னும் எவ்வளவு நேரம்? ஏன் இழுத்துக்கிட்டே இருக்கான் இந்த ஆளு?" என்று நடுவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி விசில் ஒலித்தது, கார்த்தகோ சாம்பியன். கடை அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ டீக்கோப்பையை உடைத்தார்கள், ஊ டுன் கவலைப்படவில்லை. லூசியாவின் போன் அங்கே தரையில் விழுந்திருக்க வேண்டும், திரையில் அவர்கள் வீட்டுக் கூரையும் நிறைய கால்களும் தெரிந்தன. மாமா மட்டும் கத்தவில்லை. மெல்ல முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய் அருகில் குனிந்தேன்.

"என்ன மாமா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். கண் நிறைந்திருந்தது. "இனிமே நான் என்னம்மா பண்றது?"

அதற்குள் திரையில் ஆல்வரோவின் முகம் வந்துவிட்டது. பல் இல்லாத வாயோடு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஏதோ சொன்னார். மாமா வெடித்துச் சிரித்தார். என்ன சொன்னார் என்று கேட்டோம்.

"அடுத்த போட்டி இன்னும் கொஞ்ச நாள்ல ஆரம்பிக்குதாம். ஒழுங்கா தூங்கி ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்றாரு."

அன்று மாமா கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மோஹிங்கா வாங்கிக்கொடுத்தார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, குடையை விரிக்காமல், மழையிலேயே வீட்டுக்கு நடந்து வந்தார். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் "நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றார். எதில் என்று கேட்காமலே எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு கார்த்தகோ பழையபடி தோற்க ஆரம்பித்தது. மாமாவும் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அலற ஆரம்பித்தார். இப்போது அந்த அலறலில் ஒரு தோரணை இருந்தது. "நாங்க சாம்பியனா இருந்தப்ப இப்படியெல்லாம் ஆட மாட்டோம்" என்பார். கடைசி ஒரு வருடம் இதயம் பலவீனமாக இருந்தது. அதிகம் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "என் டீம் அதுக்கு எடமே குடுக்காது டாக்டர்" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். போன வாரம் ஜோசப்பிடம், "எனக்கு ஒரு கொறையும் இல்லடா. ஆசப்பட்டத நேர்ல பாத்தாச்சு" என்றாராம். நேரில் என்றால் ஊ டுன் கடையில். அவரைப் பொறுத்தவரை அது நேரில்தான்.

அடக்க நாளன்று காலை, பெட்டியை எடுப்பதற்கு முன்பு லூசியா அழைத்தாள். அங்கே இரவு. குடும்பம் முழுவதும் நல்ல உடையில் கூடத்தில் நின்றிருந்தார்கள். நடுவில் ஆல்வரோ, கைத்தடியோடு. அத்தை போனை வாங்கி, மாமாவின் முகம் தெரியும்படி பிடித்தார். ஆல்வரோ நீண்ட நேரம் ஸ்பானிஷில் பேசினார். லூசியா அழுதுகொண்டிருந்ததால் எதையும் மொழிபெயர்க்கவில்லை. பேசி முடித்ததும் அத்தை தமிழில் பதில் சொன்னார். "நீங்க அன்னிக்கு அவர ஒங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. அதனாலதாங்க அவர் என் வீட்டுக்குத் திரும்பி வந்தாரு. நல்லா சந்தோஷமா இருந்தாருங்க." ஆல்வரோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார்.

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். யாரோ ஆல்வரோவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். பெட்டி படியிறங்கி, தெருவைக் கடந்து, வண்டி ஏறி, முனை திரும்பும்வரை அத்தை போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். அந்தச் சின்னத் திரையில், உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டைச் சிரிப்பால் நிறைத்தவரே, போய் வாருங்கள் மாமா.