சைலன்சரில் பொருத்திய மீட்டர்

எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் கை வைத்துத்தான் பார்ப்பார்கள். சித்தப்பாவின் பைக்குக்கு மட்டும் சூடு பார்க்க மீட்டர் இருந்தது.

ஓசூரில் ஒரு பைக் கம்பெனியில் சித்தப்பாவுக்கு உலை வேலை. உலையின் சூடு காட்டும் முள் ஏறினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், இறங்கினால் கூட்ட வேண்டும். எப்போதும் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறேன் என்று படுப்பார். ஒரு தட்டு விழுந்தால் எழுந்துவிடுவார். எழுந்த பிறகு சும்மா இருப்பாரா? பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொள்வார். பந்தயத்துக்குத் தோதாக என்ஜினை மாற்றி, புகைக் குழாயின் சூட்டைக் காட்டும் மீட்டரையும் பொருத்தியிருந்தார். முள் தாண்டக் கூடாத இடத்தில் அம்மாவின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அதற்காக அம்மா அவரைத் திட்டாத நாளில்லை.

பாகலூர்ப் பக்கம் வற்றிய ஏரியில் கோடையில் பைக் பந்தயம் நடக்கும். அதில் ஜெயித்தால் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் பகல் வேலைக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

"பகல் ஷிப்ட் மட்டும் கெடைக்கட்டும் அண்ணி, ராத்திரியில மனுசனாட்டம் தூங்குவேன்" என்பார் சித்தப்பா. பந்தயக் கோப்பையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

பந்தயத்தன்று நானும் அம்மாவும் காத்திருக்க, அவர் ஷிப்ட் முடிந்து நேராக ஏரிக்கே வந்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ஒத்திகைச் சுற்றிலேயே முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. இறங்கி, கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றி, அதைவிடச் சின்ன ஓட்டை உள்ளதை மாட்டினார். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. அவர் கொட்டாவி விட்டார்.

பந்தயத்தில் முதல் ஆளாகத்தான் போனார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்க்கரைத் திருப்பத்தில் வண்டி கிறீச்சென்று சறுக்கிக்கொண்டே போய்ப் புழுதியில் சாய்ந்தது. என்ஜினுக்குள் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

ஓடி வந்த பாகலூர் மெக்கானிக் ஜெட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா இது! இதுல சூடு ஏறுனா பெட்ரோலக் கூட்டணும். கொறைச்சா இன்னும் இல்ல கொதிக்கும்?"

"தெரியும்பா. உனக்கே நான்தான சொல்லிக்குடுத்தேன்" என்றார் சித்தப்பா. "கை இதையும் உலைன்னு நெனச்சிக்கிச்சு."

பிறகு அங்கேயே ஒரு வேலமர நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி மைக் அலறியது, அவர் அசையவில்லை. அம்மா முந்தானையால் ஈ ஓட்டியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்ததும் எழுப்பினாள்.

"எந்திரி தம்பி. ஷிப்டுக்கு நேரமாவுது."

மெக்கானிக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தினமும் காலையில் வேலை முடிந்து வந்து, என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது சித்தப்பாதான். பகல் வேலை கிடைத்தால் அது போய்விடுமே என்று கொஞ்ச நாளாகவே எனக்கு உள்ளூர அழுகை.

"அப்போ இனிமேலும் நீங்கதான் என்னைப் பள்ளிக்கூடத்துல வுடுவீங்களா சித்தப்பா?"

"ஆமாங்கண்ணு. நான்தான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன். அம்மா எதற்காக என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவேயில்லை.